மேல் வரியில் ஜெயித்து, கீழ் வரியில் தோற்கிறோம்: புது கார் விலை பேசும்போது செய்யும் தவறுகள்

என் சித்தப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் முப்பது வருஷம் வாழைத்தார் வியாபாரம் செய்தவர். ஒரு தாருக்குப் பத்து ரூபாய்கூட விட்டுத்தர மாட்டார். மகளுக்கு கார் வாங்கப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காபி வந்தது, குளிர்ந்த தண்ணீர் வந்தது, பேரம் தொடங்கியது. முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். விற்பனைப் பிரதிநிதி இரண்டு தடவை மேனேஜர் அறைக்குப் போய்வந்து, "சார், உங்களுக்காக எங்க மார்ஜினையே விட்டுட்டோம்" என்று 15,000 ரூபாய் குறைத்தார். சித்தப்பா என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த விலைத்தாளை வாங்கி, அடியில் இருந்த வரிகளைப் பார்த்தேன். இன்சூரன்ஸ் 51,400. அதே கம்பெனி, அதே வசதிகளோடு என் போனில் 34,000 காட்டியது. 'எசென்ஷியல் கிட்' 14,500. 'ஹேண்ட்லிங்' 6,500. பெயின்ட் கோட்டிங் 9,000. குறைத்தது 15,000. இன்சூரன்ஸில் கூடுதலான 17,400-ஐயும் சேர்த்தால், பேச்சு மூச்சில்லாமல் தலையாட்டியது 47,400.

வாழைத்தாருக்கு விலை ஒன்றுதான். காருக்கு அப்படி இல்லை. சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையை வைப்பது கம்பெனி. அதில் டீலருக்கு மிஞ்சுவது சில சதவீதம்தான். அவருக்கு வருமானம் வருவது அதற்குக் கீழே உள்ள வரிகளிலிருந்து: இன்சூரன்ஸ் கமிஷன், லோன் கமிஷன், ஆக்சஸரீஸ், உங்கள் பழைய கார். இதில் டீலரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் அவருக்கு லாபம் இல்லாத இடத்தில் நாம் மணிக்கணக்கில் பேசிவிட்டு, லாபம் இருக்கும் இடத்தில் கேள்வியே கேட்காமல் எழுந்து வருகிறோம்.

அதனால் "எவ்வளவு குறைப்பீங்க?" என்று தொடங்குவதே தவறு. "ஆன்-ரோடு விலையை வரி வரியாப் பிரிச்சு, பிரின்ட் எடுத்துக் கொடுங்க" என்று தொடங்குங்கள். எல்லாம் சேர்த்து நாம் கட்டும் தொகைதான் ஆன்-ரோடு விலை. விசிட்டிங் கார்டின் பின்னால் பேனாவால் எழுதிக் கொடுக்கும் கணக்கை வாங்காதீர்கள். அதே கம்பெனியின் இன்னொரு டீலரிடமும், முடிந்தால் பக்கத்து ஊரிலும், அதே மாதிரி தாள் வாங்குங்கள். திருச்சிக்காரருக்குத் தஞ்சாவூரும் கரூரும் தூரமில்லை. இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்தால், எந்த வரி நிஜம், எந்த வரி கற்பனை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

குறையாத வரியில் பேரம் பேசாதீர்கள்

சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போவது. அதில் டீலர் குறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சாலை வரி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் வேரியன்ட்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய தவறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஒரே தடவை கட்டும் இந்த ஆயுட்கால வரி நான்கு படியாக இருக்கிறது: 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. 10 லட்சத்தைத் தாண்டியதும் கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் 18% ஆகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,80,000 ரூபாய் காருக்கு வரி 1,27,400. "இன்னும் முப்பதாயிரம்தான் சார், சன்ரூஃப் வரும்" என்கிறார். 10,10,000 ஆகிறது, வரி 1,81,800. முப்பதாயிரம் ரூபாய் சன்ரூஃபுக்கு வரி மட்டும் 54,400 கூடுதல். நான் பார்த்தவரை எந்த ஷோரூமிலும் இதை அவர்களாக எடுத்துச் சொல்வதில்லை.

10 லட்சத்தைத் தாண்டினால் 1% டிசிஎஸ் என்று இன்னொரு வரியும் முளைக்கும். அது டீலர் கட்டணம் என்று நினைத்துச் சிலர் சண்டை போடுகிறார்கள். இன்னும் பலர் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும் வருமான வரி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பியும் வாங்கலாம். பில்லில் பான் எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: யூட்யூபில் பார்த்த பழைய விலையை மனதில் வைத்துப் பேசாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆகிவிட்டது. அதாவது 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அந்த வரிக் குறைப்பு அரசு தந்தது. அதையே தள்ளுபடி என்று யாராவது காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். கம்பெனியின் வெப்சைட்டில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

'ஹேண்ட்லிங்', 'லாஜிஸ்டிக்ஸ்' என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து கார் ஷோரூமுக்கு வரும் செலவு ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது. கறாராகக் கேட்டால் இந்த வரி சட்டென்று மறைந்துவிடும் என்பதே என் அனுபவம்.

இன்சூரன்ஸ்: தலையாட்டாதீர்கள்

எங்கே இன்சூரன்ஸ் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. 2018 செப்டம்பர் முதல் புது காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி காப்பீடு, அதாவது நம் காரால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான காப்பீடு, கட்டாயம். அதன் கட்டணத்தை வைப்பது அரசு. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இது எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியிலும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காதது), எஞ்சின் பாதுகாப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (பில் விலையே கிடைப்பது) மாதிரியான சேர்க்கைகளிலும்தான்.

ஒப்பிடும்போது ஐடிவி, அதாவது காப்பீட்டில் காருக்கு வைக்கும் மதிப்பு, ஒன்றாக இருக்க வேண்டும். விலை அதிகம் என்று நீங்கள் முகம் சுளித்ததும் ஐடிவியைக் குறைத்து, "பாருங்க, எட்டாயிரம் குறைச்சிட்டேன்" என்று புதுத் தாள் வரும். கார் திருடுபோனால் கிடைக்கும் தொகையைத்தான் அங்கே குறைத்திருக்கிறார்கள். புது காருக்கு ஐடிவி எக்ஸ்-ஷோரூம் விலையில் 95% இருக்க வேண்டும்.

"வெளியில எடுத்தா இங்க கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பார்கள். ரிப்பேர் பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் என்பது அந்த சர்வீஸ் சென்டருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உள்ள ஏற்பாடு. ஷோரூம் காட்டிய அதே நிறுவனத்தில் வெளியில் எடுத்தால், அந்த சர்வீஸ் சென்டர் அதன் நெட்வொர்க் பட்டியலில் இருந்தால் போதும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வரும். வெளியில் பாலிசி எடுக்க சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வேண்டும். அதைத் தர இழுத்தடிப்பார்கள். "கார் அலாட் ஆனதும் இரண்டு எண்ணையும் அனுப்பணும்" என்று புக்கிங் சமயத்திலேயே வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்று பதில் வாங்கிவிடுங்கள்.

சில ஷோரூம்களில் இன்சூரன்ஸ் வெளியில் எடுத்தால் தள்ளுபடியைக் குறைத்துவிடுவார்கள். அப்போது கோபப்படாமல் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இன்சூரன்ஸில் 17,000 மிச்சம், தள்ளுபடியில் 20,000 போகிறது என்றால், உள்ளேயே எடுங்கள். ஜெயிக்க வேண்டியது மொத்தத் தொகையில்.

ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் கிளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸை (என்சிபி) மறந்துவிடுகிறார்கள். அது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெய்ம் எடுக்காதவருக்கு 50%. பழைய காரை விற்றதும் அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் என்சிபி கடிதம் வாங்கி, புது காரின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். விற்பனைப் பிரதிநிதி இதைக் கேட்கவே மாட்டார்.

"மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். "பன்னிரண்டாயிரம்" என்று வாயிலிருந்து வந்துவிட்டால், அதற்கேற்ற வருஷத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். 7 லட்சம் கடன், 9% வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதம் 14,531. மொத்த வட்டி 1,72,000 அளவில். அதையே ஏழு வருஷமாக்கினால் மாதம் 11,262. இனிக்கிறது. மொத்த வட்டியோ 2,46,000. கார் அதேதான், 74,000 ரூபாய் கூடுதல்.

அசல் குறையக் குறையவும் முதல் தொகைக்கே வட்டி போடும் ஃபிளாட் ரேட் இதைவிட மோசமான பொறி. "5.5% தான் சார்" என்றால் கூட்டுறவு வங்கியைவிடக் குறைவு போலத் தோன்றும். அதே 7 லட்சத்துக்கு ஐந்து வருஷம் 5.5% ஃபிளாட் என்றால் மாதம் 14,875. குறையும் நிலுவைக் கணக்கில் அது 10% வட்டிக்குச் சமம். 2024 அக்டோபர் 1 முதல் எந்தச் சில்லறைக் கடனுக்கும் எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர வட்டி வீதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள். உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியிடம் முதலிலேயே விசாரித்து வைத்திருந்தால், ஷோரூம் லோன் மேசையில் உட்காரும்போது உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

பழைய காரை மாற்றுவதாக இருந்தால், புது கார் விலை முடிந்து, தாளில் எழுதிய பிறகே அந்தப் பேச்சை எடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், அங்கே கொடுத்ததை இங்கே எடுப்பது சுலபம். 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' 25,000 என்று பெருமையாக எழுதுவார்கள்; பழைய காரை வெளிச் சந்தையைவிட 40,000 குறைத்து எடுப்பார்கள். வெளியில் இரண்டு பேரிடம் விலை கேட்டுக்கொண்டு போங்கள். காரை ஒப்படைத்த பிறகு ஆர்சி பெயர் மாறும்வரை விடாமல் துரத்துவதும் உங்கள் வேலைதான்.

ஆக்சஸரீஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மிதியடி, மட்ஃபிளாப், கவர் எல்லாம் வெளியில் பாதி விலை. சீட் கவர் மட்டும் யோசித்துப் போடுங்கள். சைடு ஏர்பேக் உள்ள காரில் அது சீட்டின் பக்கவாட்டிலிருந்துதான் விரியும், தைத்து மூடிவிட்டால் வேலைக்காகாது. "25,000 ரூபாய் ஆக்சஸரீஸ் ஃப்ரீ" என்றால், "அது வேண்டாம், பத்தாயிரம் பணமாகக் குறையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறுவதைப் பார்க்கவே கேட்கலாம்.

எந்த மாசம் போவது

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் டெலிவரி வேண்டும் என்று நின்றால், பேரம் பேச உங்களிடம் ஒன்றுமில்லை. வரிசை அவ்வளவு நீளம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வண்டி எடுக்கமாட்டார்கள், ஆனால் கம்பெனி டார்கெட் ஆடி பார்ப்பதில்லை. ஆடிக் கடைசியில் விலையை முடித்து, எழுதி வாங்கி, ஆவணி பிறந்ததும் டெலிவரி எடுப்பதுதான் சித்தப்பா செய்தது. சாஸ்திரமும் கெடவில்லை.

மார்கழியில் இன்னொரு சங்கதி உண்டு. பாதி மார்கழி டிசம்பரில் விழுவதால் அந்த வருஷத்துத் தயாரிப்பைத் தள்ளிவிட டீலர் துடிப்பார். தள்ளுபடி பெரிதாக இருக்கும். தை பிறந்து பதிவு செய்தாலும் ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருஷமும் பழையதாகவே இருக்கும். விற்கும்போது ஒரு வயது கூடுதல். பத்து வருஷம் ஓட்டுபவருக்கு இது பொருட்டில்லை. நான்கு வருஷத்தில் மாற்றுபவர் அதற்கேற்பக் கூடுதலாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் காத்திருப்பு உள்ள மாடலுக்கு மட்டும் எந்த மாசம் போனாலும் பெரிதாக எதுவும் குறையாது. அங்கே கிட்டையும் கோட்டிங்கையும் தவிர்த்தாலே வெற்றி.

தகுதியுள்ள தள்ளுபடியைக் கேட்காமல் விடாதீர்கள். சித்தப்பா மகள், என் தங்கை, அரசுப் பள்ளி ஆசிரியை. அந்த மாடலுக்கு ஆசிரியர்களுக்குத் தனிச் சலுகை இருந்தது. அடையாள அட்டையை மேசையில் வைத்தபிறகுதான் அந்த வரி தாளில் வந்தது.

முன்பணத்தை டீலர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். பிரதிநிதியின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் "டெலிவரி நாளின் விலையே பொருந்தும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அங்கேதான் இருக்கும்.

காரைப் பதிவு செய்வதற்கு முன்பே யார்டுக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் கீறலோ பழைய டயரோ உங்களுடையது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் வருஷமும் இருக்கும், அதையும் படியுங்கள்.

கடைசித் தவறு நல்ல நேரம் பார்ப்பதில் நடக்கிறது. ஒன்பது மணிக்கு நல்ல நேரம் என்றால் எட்டே முக்காலுக்கு ஷோரூம் வாசலில் நிற்கிறோம். பாக்கிப் பணம், பதினைந்து கையெழுத்து, மாலை, போட்டோ. பில்லைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. டெலிவரி அன்று சித்தப்பாவை ஒரு மணி நேரம் முன்னதாகவே இழுத்துக்கொண்டு போனேன். முணுமுணுத்தபடி மூக்குக்கண்ணாடியை மாட்டி வரி வரியாகப் படித்தார். ஃபாஸ்டேக் 600 ரூபாய் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றை அடிக்கச் சொல்லி வாங்கிய அறுநூறு ரூபாயில்தான் பூசணிக்காயும் நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கிலோ இனிப்பும் வாங்கினோம்.