கச்சானுக்கும் வாடைக்கும் ஏற்ற வீடு: திருகோணமலையில் புதுத் தம்பதியர் உள்ளறைகளை ஒழுங்கமைக்கும் முறை

திருமணம் முடிந்து தனிக்குடித்தனம் போகிறவர்கள், பெரும்பாலும் புது வீட்டில் ஓர் இரவுகூடத் தூங்கிப் பார்க்கும் முன்பே செற்றி, அலுமாரி, கட்டில், கண்ணாடிப் பெட்டகம் என்று தளபாடங்களை ஒரு தொகுதியாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். திருகோணமலையில் இது அவசரப்பட்ட வேலை. வைகாசி முதல் ஆவணி வரை மேற்குப் பக்கமிருந்து வறண்டு வீசும் கச்சானும், ஐப்பசிக்குப் பின் மழையோடு வரும் வாடையும் ஒரே அறையை இரு வேறு அறைகளாக மாற்றிவிடுகின்றன. கச்சான் காலத்தில் நிம்மதியாகத் தூங்கிய மூலையில், மார்கழியில் தலையணை ஈரமாகக் கிடக்கும். ஆகவே பாரமான பொருள்களைக் குறைத்து, மற்றவற்றை இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்தக்கூடியனவாக வைத்துக்கொள்வதே இங்கு முதலில் செய்ய வேண்டியது.

தொடக்கத்தில் ஒரு கட்டில், ஒரு மேசை, நான்கு கதிரைகள், குசினிச் சாமான்கள், இரண்டு மூன்று பன்பாய்கள் ஆகியன போதும். மீதியை வாங்குவதற்கு முன் எந்த யன்னலால் எப்போது வெயில் வருகிறது, எதனால் காற்று வருகிறது என்று கவனியுங்கள். மேற்கு யன்னலின் பிற்பகல் வெக்கையை எல்லோரும் அறிவர். வடக்கு யன்னலைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஏப்ரல் நடுப்பகுதியில் தலைக்கு நேர் மேலே வரும் சூரியன், ஓகஸ்ட் இறுதியில் மீண்டும் உச்சிக்கு வரும் வரை நண்பகலில் வடக்குப் பக்கம் சாய்ந்தே நிற்பதால், கச்சான் மாதங்களில் வடக்கு யன்னலுக்கும் மறைப்பு வேண்டும். மார்கழியில் அதே வெயில் தெற்கு யன்னலுக்கு மாறிவிடும்.

படுக்கையறையை வெறும் கண்ணால் அளக்காமல், வெண்கட்டியால் தரையில் வரைந்து பாருங்கள். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்தடி அகலமும் ஆறரை அடி நீளமும் கொண்ட கட்டிலைத் தலைமாடு பத்தடிச் சுவரோடு சேரும்படி நடுவில் வைத்தால், இரு பக்கமும் இரண்டரை அடி நடைபாதை கிடைக்கும். கால்மாட்டில் ஐந்தரை அடி எஞ்சும். அங்கே இரண்டடி ஆழமான அலுமாரியை எதிர்ச்சுவரில் வைத்தாலும், கதவைத் திறந்து நின்று உடுப்பு எடுக்க மூன்றரை அடி இருக்கும். நாளை குழந்தை பிறந்தால், கட்டிலை ஒரு பக்கச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி நகர்த்திவிடலாம். மறுபக்கம் நாலரை அடி கிடைப்பதால், இரண்டடி அகலத் தொட்டிலைக் கட்டிலை ஒட்டி வைத்த பின்னும் இரவில் எழுந்து நடக்க இரண்டரை அடி மிஞ்சும். ஆறடி அகலக் கட்டிலை வாங்கிவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் குழம்பிவிடும். தலைமாட்டில் அலங்காரப் பலகை, இரு பக்கமும் சுவரில் பொருத்திய பெட்டிகள் என்று செய்வித்துக்கொள்கிறவர்களுக்கும் அதே கதிதான்.

வீட்டில் முதிரை மரக் கட்டில் சீதனமாகவோ பரம்பரையாகவோ வந்திருந்தால், அதை நகர்த்த நான்கு பேர் தேவைப்படும் என்பதால், சாரல் அடிக்காத உட்சுவரோரம் அதற்கு நிலையான இடத்தைக் கொடுத்து, மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவதே நல்லது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததை நினைவில் கொண்டால், வாடைக் காலத்தில் கண்ணாடி யன்னலுக்கு நேர் கீழே தலை வைத்துப் படுக்க யாரும் விரும்பமாட்டார்கள். யன்னல்களுக்கு நுளம்பு வலை அடிப்பதானால் இரும்பு வலையைத் தவிர்த்து நைலோன் அல்லது ஃபைபர் வலையைத் தெரிவு செய்யுங்கள். அடர்த்தியான வலை காற்றையும் ஓரளவு தடுக்கும் என்பதால், காற்றுக் குறைந்த அறையில் யன்னலைத் திறந்துவிட்டுக் கட்டிலுக்கு மேல் வலை கட்டுவது மேல்.

முன்னறைதான் அதிக வேடங்கள் போட வேண்டிய இடம். பகலில் ஒருவர் அங்கிருந்து கணினியில் வேலை செய்வார். மாலையில் உறவினர் வருவார்கள். கோணேசர் கோயில் திருவிழாவுக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ அம்மாவும் மாமியும் வந்தால் இரவில் அதுவே படுக்கையறையாகும். மூவர் அமரும் பெரிய செற்றி இத்தனைக்கும் இடையூறாக நிற்கும். நான்கு பிரம்புக் கதிரைகளை விறாந்தைக்குக் கொண்டுபோய்விட்டால் அரை நிமிடத்தில் பாய் விரிக்க இடம் கிடைக்கும். வேலை மேசை நாலடி நீளமும் இரண்டடி அகலமுமாக இருந்தால் அதிலேயே இருவர் சாப்பிடலாம். அதை வைக்கும் மூலைக்கு அருகில் மின்செருகி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தரையில் நீட்டிக்கிடக்கும் வயர் எந்த அறையின் அமைதியையும் கெடுத்துவிடும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூய வெள்ளை இங்குள்ள வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். மங்கலான சந்தன நிறமோ வெளிர் சாம்பலோ பளபளப்பின்றிப் பூசினால் போதும். சிப்பியும் நங்கூரமும் நீலக் கோடுகளும் நிலாவெளி விடுதிகளுக்கு அழகுதான், ஆனால் கடலைத் தினமும் பார்க்கிறவருக்கு அது வீட்டுக்குள்ளும் எதற்கு? திரைச்சீலைக்கும் கட்டில் விரிப்புக்கும் மருதமுனைக் கைத்தறி நன்றாகப் பொருந்தும். வெளிச்சத்தில்தான் உண்மையான கவனம் தேவை. நம் வீடுகளில் எல்லா அறைக்கும் 6500 கெல்வின் வெண்ணிற மின்குமிழையே மாட்டிவிடுகிறோம் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்). அதைப் படுக்கையறையில் 2700 ஆகவும் குசினியில் 4000 ஆகவும் மாற்றி, முன்னறையில் மேல் விளக்கோடு ஒரு மேசை விளக்கையும் வைத்துக்கொண்டால், கூடுதல் தளபாடம் எதுவுமின்றியே இரவு நேர அறை வேறாகத் தெரியும்.

கடற்கரையை அண்டிய வீடுகளில், குறிப்பாகத் திருக்கடலூர், உப்புவெளிப் பக்கம், உப்புக் காற்று முதலில் பிணைச்சல்களையும் திருகாணிகளையுமே தின்னும்; இவற்றைப் பித்தளையிலோ 316 வகைத் துருப்பிடிக்கா உருக்கிலோ கேட்டு வாங்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை வாடைக் காலத்து ஈரத்தில் ஊதி, அலுமாரிக் கதவு மூடாமல் நிற்கும். எந்த மரமானாலும் அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி, நாலங்குலக் கால்களில் நிறுத்தி, புரட்டாதி முடிவதற்குள் ஒரு முறை முழுவதும் வெறுமையாக்கிக் காயவிட்டு, பிணைச்சல்களுக்கு எண்ணெய் போட்டுவிடுங்கள்.