கைத்தொழில் தெரியும், கடதாசி இல்லையா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பத்து வருடமாக வயரிங், மேசன், வெல்டிங் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். வேலை சுத்தமாக இருக்கும். காட்டுவதற்குத்தான் ஒரு சான்றிதழ் இருக்காது. கொஞ்சம் பெரிய வேலைக்குப் போய்க் கேட்டால் அங்கேதான் இடிக்கும்.

இதற்காக மறுபடி வகுப்பில் குந்த வேண்டியதில்லை. என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். அனுபவத்தை வைத்தே மதிப்பீட்டுக்குப் போகும் வழிக்கு ஆர்.பி.எல். என்று பெயர். அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபையான நைட்டாவின் அலுவலகத்தில் கேட்டால் விபரம் சொல்வார்கள்.

மதிப்பிட வருபவர் செய்துகாட்டச் சொல்வார், கேள்வி கேட்பார், பழைய வேலைக்கு ஆதாரமும் பார்ப்பார். ஆதாரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதனால் இன்றைக்கே ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். திகதி, இடம், செய்த வேலை, எங்கே பிழைத்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று நாலு வரி போதும். வயரிங்காரர் என்றால் சுவர் பூச முன்னமே படம் எடுங்கள். பூசிய பிறகு பைப் போன வழி யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரரிடம் கடைசிக் காசு வாங்கும்போதே ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் அவர் கனடா போயிருப்பார்!

4ஆம் மட்டச் சான்றிதழ் கிடைத்தபின் டிப்ளோமா யோசனை வந்தால், கொழும்புக்கு வெளிக்கிட முன்னம் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.