ஹாரர் ஓப்பனிங்கை மியூட் போட்டு ஒரு தடவை பாருங்க

ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போறவங்க, புடிச்ச ஹாரர் படத்தோட முதல் மூணு நிமிஷத்தை மியூட்ல ஒரு தடவை பாருங்க, அப்புறம் கண்ணை மூடிட்டு சவுண்டை மட்டும் கேளுங்க. எது பயமுறுத்துது, படமா சத்தமான்னு அப்பவே தெரிஞ்சிடும்.

1980ல வந்த தி ஷைனிங்கை எடுத்துக்கோங்க. மியூட்ல பார்த்தா வானத்துல இருந்து எடுத்த ஏரி, மலை, வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, அதுல எறும்பு மாதிரி ஒரு மஞ்சள் ஃபோக்ஸ்வேகன் கார், அவ்வளவுதான், டூரிஸம் விளம்பரம் மாதிரியே இருக்கும். சவுண்டை வச்சா அடிவயித்துல என்னமோ பண்ணும், ஏன்னா அதுல கனமா இழுத்து இழுத்து வர்ற சிந்தசைசர் ட்யூன், அதோட மெட்டு சர்ச்ல செத்தவங்களுக்காக பாடுற பழைய லத்தீன் பாட்டான டீஸ் ஈரேல இருந்து வந்தது. கண்ணு அழகுன்னு சொல்லுது, காது ஓடுன்னு சொல்லுது, அந்த இழுபறிதான் டென்ஷன். அதனால ட்ரோன் வாடகைக்கு காசு கொட்டுறதுக்கு முன்னாடி சவுண்டை சரி பண்ணுங்க, அதுல பாதி வேலை முடிஞ்சிடும்னு நான் நம்புறேன்.

ஹெட்ஃபோன் கண்டிப்பா வேணும், ஃபோன் ஸ்பீக்கர்ல அந்த அடி பேஸ் கேக்கவே கேக்காது. எ கொயட் பிளேஸ் மாதிரி அமைதியை வச்சே மிரட்டுற படத்துக்கு இது ஒத்து வராது, அங்க ஆளுங்க வெறுங்கால்ல அடி எடுத்து வைக்கிறதையும் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தாதான் புரியும்.