வீட்டு ஜெபக்கூட்டத்தில் சிரிப்புக்கு இடம் விடுவது எப்படி?

திருகோணமலையில் ஆறரைக்கு வீட்டு ஜெபம் என்றால் ஏழு மணிக்குத்தான் முதல் பாட்டு. அதற்குள் வந்தவர்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு பாயில் அமர்ந்துவிடுவார்கள். புதிதாகக் கூட்டம் நடத்த வரும் பொடியன்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, நடுவில ஒரு பகிடி சொல்லலாமா?"

சொல்லலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த பகிடி வேண்டாம், அது எல்லாருக்கும் வந்திருக்கும். வேதத்துக்குள்ளேயே தேவையானது கிடக்கிறது. நாங்கள்தான் அதை அழுகிற குரலில் வாசித்துப் பழகிவிட்டோம்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஆனால் சிரிப்பு வரும் இடத்துக்கு நேரே பாயாதீர்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றதையும், பேதுருவைச் சிறையில் போட்டு நாலு நாலு பேராகப் பதினாறு சேவகரைக் காவல் வைத்ததையும் முதலில் மெதுவாக வாசியுங்கள். பிறகு, தேவதூதன் சிறையிலிருந்து விடுவித்த பேதுரு, விசுவாசிகள் கூடி ஜெபிக்கிற வீட்டுக்கு வரும் இடம்: ஒருவரைப் பேதுருவாக்கி வெளியே அனுப்பி, கேற்றைத் தட்டச் சொல்லுங்கள். கதவடிக்கு வரும் வேலைக்காரப் பெண் ரோதையாக நடிக்க நன்றாகப் பேசுகிற ஒரு பிள்ளையைப் பிடியுங்கள். அவள் பேதுருவின் குரலைக் கேட்டுச் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடி வர வேண்டும். பாயில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து, "நீ பிதற்றுகிறாய்!" வெளியே பேதுரு தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 16ஆம் வசனம் வரை அவரை உள்ளே விடாதீர்கள், நுளம்பு கடித்தாலும் சரி.

சிரிப்பு வந்ததும் விளக்கவுரை தொடங்க வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அவர்கள் யாருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்? பேதுருவுக்காகத்தான். கேட்டது வாசலில் வந்து நிற்கிறது, சொன்ன பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம். கொஞ்ச நேரத்தில் யாராவது, "நாங்களும் அப்படித்தானே" என்பார். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் ஊரில் யுத்தகாலத்து ஊரடங்கைப் பார்த்த பெரியவர்கள் பாயில் இருப்பார்கள். இரவில் கதவு தட்டப்பட்டால் ஏன் யாரும் உடனே எழுந்து போகமாட்டார்கள் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள். சிரிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

சிறுபிள்ளைகளுக்கு மத்தேயு 7 போதும். ஒருவன் நீளமான பலகையைக் கண்ணோடு பிடித்துக்கொண்டு மற்றவன் கண்ணில் துரும்பு எடுக்கப் போகட்டும். பலகை சுவரில் இடிக்கும்போதே பாடம் முடிந்துவிடும்.

தானாக வரும் சிரிப்பையும் அடக்காதீர்கள். கோட்டைப் பக்கத்து வீடுகளில் மான் வாசல் வரை வரும், பாட்டுத்தாளை மென்றுவிட்டும் போகும். அந்த நேரத்தில் "உஷ்" என்கிற ஆள் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அப்படி முறைக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி உண்டு: 2024 ஜூன் 14 அன்று போப் பிரான்சிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்து, அன்புள்ளவர்களோடு விளையாடுவதுபோலக் கடவுளைப் பற்றியும் சிரிக்கலாம், அது தேவதூஷணம் இல்லை என்றார்.

ஆனால் எலியா தீர்க்கதரிசி, பாகால் என்ற சாமியின் ஆட்களைக் கிண்டல் பண்ணும் 1 இராஜாக்கள் 18ஐப் பக்கத்து வீட்டுச் சாமி மேல் திருப்பாதீர்கள். கோணேசர் கோயில் இருக்கிற ஊர் இது. பொங்கலும் வட்டிலப்பமும் மதில் தாண்டி வருகிற தெருவில் இருந்துகொண்டு அது சரியில்லை. ஒருவருடைய திக்குவாய், நிறம், மனைவி சமையல், இதெல்லாமும் வேண்டாம். எபேசியர் 5:4 தடுக்கிற பரியாசம் இதுதான் என்பது என் எண்ணம்.

செத்த வீட்டில் நீங்களாகத் தொடங்காதீர்கள். வீட்டார் இறந்தவரின் குறும்பைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினால் அமர்ந்து கேளுங்கள், இடையில் பாட்டுப் போட்டு மூடாதீர்கள்.

சிரிப்பு நீண்டுபோனால் பேதுரு 17ஆம் வசனத்தில் செய்ததுபோலக் கையமர்த்திவிட்டு ஜெபத்துக்குப் போங்கள். தேத்தண்ணியை மட்டும் ஆமென் சொன்ன பிறகு எடுக்கச் சொல்லுங்கள். முன்னரே வந்தால் யாரும் கண்ணை மூடமாட்டார்கள்.