அப்பாவின் எக்கோ அறிக்கையைப் படிப்பதும் அடுத்த பரிசோதனையைத் தீர்மானிப்பதும்

அறிக்கை இருக்கும் கவரைப் பிரிப்பதற்கு முன், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உண்மையில் என்ன செய்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் தினமும் மாலை நடக்கும் என் அப்பா, சில மாதங்களாகக் காந்தி சிலை வந்ததும் நின்றுவிடுவார். கேட்டால், "காற்று வாங்குகிறேன்" என்பார். நின்றதும் இரண்டு நிமிடத்தில் விலகிவிடும் நெஞ்சழுத்தம் அது என்பதை அவர் வாயிலிருந்து வரவழைக்க எங்களுக்கு வெகுநாள் ஆயிற்று. நடந்தால் வருகிறதா, உட்கார்ந்தால் போகிறதா, எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது, போன வருடமும் இப்படி இருந்ததா என்ற விவரங்கள் இல்லாமல் எந்த அறிக்கைக்கும் சரியான பொருள் சொல்ல முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரக்கூடும் என்பதால், "வாயுத் தொல்லைதான்" என்று ஓமத்தண்ணீர் குடித்துச் சமாளிக்கும் அம்மாக்களிடம் இன்னும் கொஞ்சம் துருவித்தான் கேட்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சழுத்தம் வந்து சில நிமிடங்களில் தணியாவிட்டாலோ, வியர்வையோடு தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, அறிக்கைகளை ஆராய நேரமில்லை. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

ஈசிஜி என்பது படுத்திருக்கும் இதயத்தின் சில வினாடி மின்பதிவு. ஓய்வில் இருக்கும்போது எடுப்பதால், இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தும் அது இயல்பாகவே வரலாம். தாளின் தலைப்பில் இயந்திரம் தானாக அச்சிடும் வரிகள் தவறாகவும் இருக்கலாம். மருத்துவருக்குப் பெரிதும் உதவுவது பழைய ஈசிஜியோடு ஒப்பிடுவதுதான். அந்தத் தாளில் உள்ள கோடுகள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால், எடுத்த அன்றே செல்பேசியில் தெளிவாகப் படம் பிடித்து வையுங்கள்.

குடும்பங்களை அதிகம் கலங்கடிப்பது, ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ பரிசோதனையின் அறிக்கையில் வரும் இ.எஃப். என்ற எண். 60 என்று பார்த்தவுடன், இதயம் 60 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று என் அத்தை அழுதே விட்டார். இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அந்த அளவு. அது யாருக்கும் 100 ஆக இருப்பதில்லை. 55 முதல் 70 வரை பொதுவாக இயல்பானது; 40-ம் அதற்குக் கீழும் இருந்தால் இதயத்தின் பம்பு வலிமை தெளிவாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். வயதானவர்களின் அறிக்கையில் அடிக்கடி காணப்படும் 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' (இதயம் தளர்ந்து விரிவதில் லேசான குறை), 'டிரிவியல்' அல்லது 'மைல்டு' என்ற அளவிலான வால்வுக் கசிவு ஆகியவை பெரும்பாலும் தனியாக அச்சப்பட வேண்டியவை அல்ல. மாறாக, ஆர்.டபிள்யூ.எம்.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் கட்டாயம் விளக்கம் கேளுங்கள். இதயச் சுவரின் ஒரு பகுதி சரியாக அசையவில்லை என்பதைக் குறிக்கும் அது, தெரியாமல் வந்துபோன மாரடைப்பின் தடமாகவும் இருக்கலாம். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாசலான அயோர்ட்டிக் வால்வு 'சிவியர்' (கடுமை) ஆகச் சுருங்கியிருப்பதாக எழுதியிருந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த பரிசோதனை வேண்டுமா என்ற இடத்தில் நான் உறுதியாகப் பற்றிக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?" எதுவும் மாறாது என்றால், அந்தப் பரிசோதனை இப்போது தேவைதானா என்று தயங்காமல் கேட்கலாம். ஓடும் பட்டையில் நடக்க வைத்து ஈசிஜி பார்க்கும் டிஎம்டி பரிசோதனையில் 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை எட்டும் வரை நாடித்துடிப்பை உயர்த்தப் பார்ப்பார்கள். 68 வயதுக்காரருக்கு அது ஏறக்குறைய 129. மூட்டுவலியால் பாதியில் இறங்கிவிட்டவரின் 'நெகட்டிவ்' முடிவை முழு நிம்மதியாகக் கொள்ள முடியாது. அத்தகையவர்களுக்கு, இதயக் குழாய்களை ஸ்கேனில் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஒரு வழி. ஆனால் அதில் செலுத்தும் சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் சர்க்கரை மாத்திரைகளின் பெயர்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி அடைப்பைப் படமெடுக்கும் ஆஞ்சியோ என்ற சொல் வந்ததும் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகும். 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நிலையான இதயநோய் உள்ள 5,000-க்கும் மேற்பட்டோரில், மருந்தோடு தொடக்கத்திலேயே ஆஞ்சியோவும் தேவைக்கேற்ப ஸ்டென்ட் (குழாயை விரித்துவைக்கும் சிறு வலைக்குழாய்) அல்லது பைபாஸ் அறுவையும் செய்யப்பட்டவர்களுக்கும், முதலில் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அடிக்கடி நெஞ்சுவலி வந்தவர்களுக்கோ முதல் வழியில் நிவாரணம் கூடுதலாகக் கிடைத்தது. இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களும் இ.எஃப். 35-க்குக் கீழே உள்ளவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே அறிகுறிகள் நிலையாக இருப்பவர்களுக்கு, கோரிமேட்டு ஜிப்மரிலோ வேறிடத்திலோ இரண்டாவது கருத்துக் கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வதில் பொதுவாகத் தவறில்லை. மருத்துவர் அவசரம் என்று சொன்னால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

ஆஞ்சியோவுக்கு நாள் குறித்துவிட்டால், அடைப்பு தெரிந்ததும் அதே மேசையிலேயே ஸ்டென்ட் வைத்துவிடுவார்களா, வெளியே வந்து பேசிய பிறகு வைப்பார்களா என்பதை முதல் நாளே கேட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது அப்பாவை வராந்தாவில் உட்கார வைக்காமல், மருத்துவருக்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள்.