சேமித்த வைஃபை பாஸ்வேர்ட்: கறுப்புப் புள்ளிகளை நம்பாதீர்கள்

போன கிழமை திருகோணமலை உவர்மலையில் சித்தப்பா வீட்டில் வைஃபை பாஸ்வேர்ட் எழுதிய துண்டைக் காணவில்லை. ரவுட்டரை ரீசெட் பண்ணத்தான் வேணும் என்று அவர் புலம்ப, தரம் 10 படிக்கும் மகள் அவருடைய லப்டொப்பில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, நெட்எஸ்எச் (netsh) என்று தொடங்கும் ஒரு கட்டளையைத் தட்டினாள். பாஸ்வேர்ட் அப்படியே வந்து நின்றது. சித்தப்பாவுக்குச் சந்தோசம். எனக்குத்தான் கொஞ்சம் உதறல்.

புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பூட்டியிருக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. விண்டோஸ் பாஸ்வேர்டைக் குறியாக்கம் செய்து, அதாவது வாசிக்க முடியாத வடிவுக்கு மாற்றித்தான் வைக்கிறது. ஆனால் நீங்கள் உள்நுழையும் முன்பே கணினி வைஃபையில் இணைய வேண்டுமே, அதனால் அதை மீண்டும் வாசிக்க வைக்கும் சாவியும் அதே கணினிக்குள்தான் இருக்கிறது. நிர்வாகிக் கணக்கில், அதாவது கணினியில் எதையும் மாற்ற அனுமதியுள்ள கணக்கில் இருப்பவர் கேட்டால் காட்டிவிடும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். இது ஓட்டை இல்லை, அமைப்பே அப்படித்தான்.

ஆகவே அந்தக் கணினியில் நிர்வாகியாக யார் உட்காருகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் ஒரு லப்டொப், ஒரே கணக்கு, அதுவும் நிர்வாகிக் கணக்கு. டியூஷனுக்கு வரும் பிள்ளையும் அதில்தான். பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

லப்டொப்பைத் திருத்தக் கொடுக்கும்போது அதைத் திறக்கும் பின் நம்பரை எழுதி மூடியில் ஒட்டிவிடுகிறோம். நானும் ஒட்டியிருக்கிறேன். கணினி இயங்கினால், கொடுக்கும் முன் சேமித்த நெட்வொர்க்குகளை 'மறந்துவிடு' என்று நீக்குங்கள். இயங்காவிட்டால், திரும்பி வந்ததும் ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிட்லொக்கர் (டிஸ்க் முழுவதையும் குறியாக்கும் விண்டோஸ் வசதி) போடாத டிஸ்க் என்றால், அதைக் கழற்றி எடுத்தும் விஷயம் தெரிந்தவர் படித்துவிடுவார்.

விற்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. படங்களை அழித்து, தன் கணக்கையும் நீக்கிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். வைஃபை விபரம் வழக்கமாக உங்கள் கணக்குக்குள் இருப்பதில்லை, கணினிக்குப் பொதுவான இடத்தில் கிடக்கும். 'எல்லாவற்றையும் அகற்று' என்று முழு ரீசெட் செய்துதான் கொடுக்க வேண்டும்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒரு சொல். சீசனில் வந்துபோகும் ஒவ்வொருவருடைய லப்டொப்பிலும் உங்கள் பாஸ்வேர்ட் தங்கிவிடுகிறது. அதே இணைப்பில்தான் பில் போடும் கணினியும் கெமராவும் ஓடுகின்றனவா? பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி நெட்வொர்க் வைக்கலாம். அவர்களுக்கு அதை மட்டும் கொடுங்கள், சீசன் முடிந்ததும் மாற்றுங்கள்.

சரி, சித்தப்பாவிடம் ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். "அப்ப ஈமெயிலையும் மாத்தோணுமே" என்றார். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டாம். மகள் சிரித்துக்கொண்டு எழும்பிப் போனாள்.