ஜார்ஜியாவில் பரோலும் மன்னிப்பும்: வாரியம் பார்ப்பது கோப்பைத்தான்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பரோலோ (தண்டனை முடியும் முன்பே கண்காணிப்போடு கிடைக்கும் விடுதலை) மன்னிப்போ கேட்டு ஆளுநருக்கு மனு எழுதுவது வீண் தபால் செலவுதான். 1943-இலிருந்து அந்த அதிகாரம் ஐந்து பேர் கொண்ட வாரியத்திடம் இருக்கிறது. உறுப்பினர்களை ஏழாண்டுக்கு நியமிப்பதோடு ஆளுநரின் பங்கு முடிந்தது. மாநில செனட் ஒப்புதல் தரும்.

பரோலுக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. தகுதிக்காலம் நெருங்கினால் வாரியமே கோப்பை எடுக்கும். சினிமாவில் வருவதுபோலக் கைதியை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பதும் இல்லை. கோப்பு ஓர் உறுப்பினரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். அவரவர் தனியாக வாக்கைப் பதிவார்கள். மூன்று வாக்கு ஒரு பக்கம் சேர்ந்தால் முடிவு. சொல்ல வேண்டியது எல்லாம் அதற்கு முன்பே காகிதமாகக் கோப்பில் ஏறியிருக்க வேண்டும்.

முதலில் தேதியைக் கணக்கிடுங்கள். பெரும்பாலான பெருங்குற்றங்களுக்குச் சிறைத்தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் தகுதி வரும். ‘பத்து வருடம், அதில் ஆறு சிறை, மீதி புரொபேஷன்’ (சிறைக்கு வெளியே கண்காணிப்பில் கழிக்கும் தண்டனை) என்ற தீர்ப்பில் ஆறை மட்டும் வகுக்க வேண்டும்: இரண்டு வருடம். கொலை, பாலியல் வன்முறை, ஆயுதமேந்திய கொள்ளை, ஆள்கடத்தல் உள்ளிட்ட ஏழு கொடுங்குற்றங்களில் ஆண்டுக்கணக்கில் தண்டனை பெற்றவருக்கு இப்போதைய சட்டப்படி பரோலே இல்லை. அவற்றுக்கே ஆயுள் என்றால், 2006 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்கு 30 ஆண்டு கழிந்தால்தான் தகுதி. 1995 முதல் அந்தத் தேதிக்கு முன்புவரை நடந்ததற்கு 14. குற்றம் நடந்த நாள்தான் கணக்கு, தீர்ப்பு நாள் அல்ல.

தகுதி வந்தால் விடுதலை வந்துவிடாது. குற்றத்தின் கடுமை ஒரு பக்கம், முந்தைய தண்டனைகள், முன்பு பரோல் முறிந்ததா போன்றவற்றுக்கான புள்ளிகள் இன்னொரு பக்கம். இரண்டையும் வைத்து எத்தனை மாதம் என்ற பரிந்துரை வரும். உறுப்பினர்கள் அதைத் தாண்டியும் போகலாம், குறைக்கவும் செய்யலாம். பிறகு கிடைப்பது ‘உத்தேச மாதம்’. உள்ளே ஒரு சண்டை, முடிக்காத ஒரு பயிற்சி வகுப்பு போதும், அது தள்ளிப்போக. அதை நம்பி ஊரில் கல்யாண மண்டபம் பிடிக்காதீர்கள்.

குடும்பத்தார் கடிதத்தின் முதல் வரியில் கைதியின் முழுப்பெயரும் சிறை எண்ணும் இருக்கட்டும். ‘ரொம்ப நல்ல பையன்’ என்று எழுதுவதைவிட, ‘என் வீட்டுப் பின்னறை காலி, வாடகை வேண்டாம், வேலைக்கு நானே காரில் கூட்டிப்போவேன்’ என்பது வேலை செய்யும். தங்குமிடத்தை அதிகாரி நேரில் சரிபார்ப்பார். வீட்டுக்காரர் தயங்கினால் அந்த விடுதலை அப்படியே நிற்கும். தீர்ப்பு தவறு என்று வாதாட இது மேல்முறையீட்டு மன்றமல்ல. பாதிக்கப்பட்டவர் எழுதியதும் அதே கோப்பில் இருக்கும். அது ரகசியம், உங்களுக்குக் காட்டமாட்டார்கள். ஆயுள் கைதிக்கு மறுத்தால் அடுத்த பரிசீலனை எட்டு ஆண்டுவரை தள்ளப்படலாம்.

மரண தண்டனையில் மட்டும் வக்கீல்களும் குடும்பத்தாரும் வாரியத்தின் முன் நேரில் பேசலாம். 2011-இல் ட்ராய் டேவிஸ் என்ற மரண தண்டனைக் கைதிக்கு மறுத்த வாரியம், 2020 ஜனவரியில் ஜிம்மி மெடர்ஸ் என்ற இன்னொருவரின் தண்டனையை, நிறைவேற்றச் சில மணி நேரம் முன்பு, பரோல் இல்லாத ஆயுளாகக் குறைத்தது.

மன்னிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. எல்லாத் தண்டனையும் முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும் (பாலியல் குற்றத்துக்குப் பத்து), இடையில் புதுக் குற்றமோ நிலுவை வழக்கோ கூடாது, அபராதமும் இழப்பீடும் கட்டி முடித்திருக்க வேண்டும். பலர் சறுக்குவது தேதியில்தான். 2012-இல் சிறையிலிருந்து வந்து, 2019-இல் புரொபேஷன் முடிந்தவருக்கு 2024-இல்தான் ஐந்து ஆண்டு. வேலைவாய்ப்பு பாதிக்கப்படுகிறது என்று காட்டினால் இந்தக் காத்திருப்பைத் தளர்த்தக் கேட்கலாம். பழைய கைதுகளை மறைக்காதீர்கள். பதிவேட்டைப் பார்க்கத்தான் போகிறார்கள்.

மன்னிப்பு கிடைத்தாலும் வழக்கு பதிவிலிருந்து அழியாது, மன்னிக்கப்பட்டது என்ற குறிப்பு சேரும். வாக்குரிமை தண்டனை முடிந்ததுமே திரும்பிவிடும். துப்பாக்கி உரிமையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கிரீன் கார்டில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நிபந்தனையற்ற முழு மன்னிப்பு சில வகைக் குற்றங்களில் நாடுகடத்தலைத் தடுக்கும். போதைப்பொருள், துப்பாக்கி, குடும்ப வன்முறை வழக்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை. படிவத்தை நிரப்பும் முன் குடியேற்ற வக்கீலிடம் தீர்ப்பு நகலைக் காட்டிவிடுங்கள்.